சின்னக் கார், சுகமான ஓட்டம்: பழைய ஆல்ட்டோவை வீட்டிலேயே தேற்றும் வழி

ஆண்டிமடத்திலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் கொஞ்ச தூரத்தில் முந்திரித் தோப்பு வந்துவிடும். விருத்தாசலம், ஜெயங்கொண்டம் சாலையை விட்டு ஊர்களுக்குள் திரும்பினால், எதிரே ஒரு டிராக்டர் வந்தால் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்க வேண்டிய அளவுக்குத்தான் தார் அகலம். நடுவே வளைவுகள், பள்ளிக்கூடத்துக்கு முன்னும் பின்னும் வேகத்தடைகள், மழை பெய்தால் தோப்பிலிருந்து அரித்து வந்து படியும் செம்மண். இந்தச் சாலைகளில் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு இடமே இல்லை. நாற்பதிலும் ஐம்பதிலும் போகும்போது வண்டி சொன்னபடி திரும்ப வேண்டும். பிரேக்கை மிதித்தால் ஒரு பக்கம் இழுக்காமல் நிற்க வேண்டும். குழியில் இறங்கினால் ஒரே குலுங்கலில் அடங்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் பழைய சின்னக் காரில் தினமும் ஜெயங்கொண்டம் போய் வருவதே ஒரு மகிழ்ச்சி.

அந்த மூன்றையும் வீட்டு வாசலிலேயே, பெரும்பாலும் சொந்தக் கையால், சட்டத்துக்கு உட்பட்டு எப்படிச் சரிசெய்வது என்பதைத்தான் இந்த அத்தியாயம் சொல்கிறது. உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட வண்டி 796 சி.சி. மாருதி ஆல்ட்டோ. மாருதி 800, சென், பழைய வேகன் ஆர் வைத்திருப்பவர்களுக்கும் இதே வரிசை பொருந்தும்.

எடை குறைந்த வண்டியின் பலம்

1983 டிசம்பரில் வந்த மாருதி 800-இன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றது. அதற்குள் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் விற்றிருந்தன. 2010 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 13 பெருநகரங்களுக்கு பி.எஸ். 4 மாசு விதி வந்தபோது அங்கெல்லாம் 800 விற்பனை நின்றுபோனது. மற்ற ஊர்களில் அது தொடர்ந்தது. மாவட்டத் தலைநகரங்களிலும் சிற்றூர்களிலும் இன்றும் நல்ல நிலையில் 800 கண்ணில் படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2000-இல் வந்த ஆல்ட்டோ அதே வழியில் இன்னும் பரவலாகப் போனது. உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கும், எந்த மெக்கானிக்குக்கும் வண்டி பழக்கம்.

ஆல்ட்டோவின் இஞ்சின் தருவது சுமார் 47 குதிரைத்திறன். எண்ணைக் கேட்டால் குறைவாகத் தோன்றும். ஆனால் வண்டியின் எடையும் ஏறத்தாழ 700 கிலோதான். எடை குறைந்த வண்டி சீக்கிரம் நிற்கும், சீக்கிரம் திரும்பும், டயரையும் பிரேக்கையும் மெதுவாகத் தேய்க்கும். இதை உலகுக்குக் காட்டியது பிரிட்டனின் மினி. குடும்பங்களுக்காக வடிவமைக்கப்பட்ட அந்தக் குட்டி வண்டியை ஜான் கூப்பர் கையிலெடுத்தபோது இஞ்சினோடு நிற்கவில்லை. முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக்கும் வைத்தார். 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளின் மான்டி கார்லோ ராலியில் தன்னைவிடப் பலமான வண்டிகளை மினி கூப்பர் வென்றது.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு மரபு உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன் 1980களின் இறுதியில் மாருதி 800 இஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் கார் உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று பெயர் பெற்ற அந்த வண்டியில்தான் ஒரு தலைமுறை ஓட்டுநர்கள் பந்தயம் பழகினார்கள். பின்னாளில், 2005-இல், இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநரான நரேன் கார்த்திகேயனும் அந்த வரிசையில் வந்தவர். கடைக்குப் போய் வரும் வண்டியின் இஞ்சினே, எடை குறைந்த உடலும் நல்ல சக்கரமும் கிடைத்தபோது பந்தயத்துக்குப் போதுமானதாக இருந்தது.

பணத்தைப் பிரிக்கும் விதம்

பழைய வண்டி வாங்கியவுடன் பலரும் முதலில் போவது ஸ்டிக்கர் கடைக்கு. அடுத்தது சத்தமான சைலன்சருக்கு. இந்தப் பணம் ஓட்டத்தில் எந்த மாற்றமும் தராது. கையில் நூறு ரூபாய் இருப்பதாக வைத்துக்கொண்டால் அதை இப்படிப் பிரிக்கலாம்: டயருக்கு 40, ஷாக் அப்சார்பருக்கும் புஷ்களுக்கும் 25, பிரேக்குக்கு 20, இஞ்சின் பராமரிப்புக்கு 10, அலைன்மென்ட்டுக்கும் பாலன்சிங்குக்கும் 5. எவ்வளவு தொகையாக இருந்தாலும் இந்த விகிதம் ஏறத்தாழப் பொருந்தும். தரையைத் தொடும் பாகத்திலிருந்து மேலே வருவதுதான் வரிசை.

வேலை தொடங்கும் முன் கருவிகள். ஒரு நல்ல ஜாக்கி, இரண்டு ஜாக் ஸ்டாண்டு, ரிங் ஸ்பேனர் செட், பாக்ஸ் ஸ்பேனர் செட், டார்க் ரெஞ்ச், மல்டிமீட்டர், டயர் காற்று பார்க்கும் கேஜ் ஆகியவை போதும். ஜாக்கியை மட்டும் நம்பி, அல்லது செங்கல்லை அடுக்கி வைத்து, வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. செங்கல் சொல்லாமல் நொறுங்கும். மண் தரையாக இருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் கனமான பலகை போட வேண்டும்.

டயர்: முதல் செலவு, பெரிய மாற்றம்

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். குறைவாக ஓடிய பழைய கார்களில் பட்டன் தேயாமலே ரப்பர் காய்ந்து இறுகிப்போயிருக்கும். பார்வைக்குப் புதிதாகத் தெரியும் அந்த டயர் மழையில் பிடிக்காது. பட்டன் ஆழத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 1.6 மில்லிமீட்டர். வடகிழக்குப் பருவமழையில் செம்மண் படிந்த தாரில் ஓட்டுபவர்கள் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது.

அடுத்து அளவு. ஆல்ட்டோவுக்கு நிறுவனம் தந்தது 145/80 ஆர் 12. 145 என்பது மில்லிமீட்டரில் அகலம். 80 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 80 சதவீதம். 12 என்பது ரிம்மின் அங்குல அளவு. இந்த மூன்று எண்ணும் தெரிந்தால் சக்கரத்தின் மொத்த விட்டத்தை வீட்டிலேயே கணக்கிடலாம். 145-இல் 80 சதவீதம் 116; மேலும் கீழும் சேர்த்து 232; பன்னிரண்டு அங்குல ரிம் 304.8, ஆக மொத்தம் 536.8 மில்லிமீட்டர். ஆல்ட்டோ கே 10-இல் வந்த 155/65 ஆர் 13-க்கு இதே கணக்கைப் போட்டால் 531.7 வரும். ஒரு சதவீதம்கூட வித்தியாசமில்லை. ஆனால் 155/80 ஆர் 13 போட்டால் விட்டம் 578.2 ஆகிவிடும். அப்போது மீட்டரில் 60 காட்டும்போது வண்டி உண்மையில் கிட்டத்தட்ட 65-இல் போகும். பிக்கப் குறையும், ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் டயர் உரசும்.

ரிம் மாற்ற நினைப்பவர்கள் விட்டத்தோடு போல்ட் துளைகளின் வட்ட அளவு, ஆஃப்செட், நடுத்துளை அளவு மூன்றையும் பொருத்திப் பார்க்க வேண்டும். சட்டப் பக்கமும் ஒன்று இருக்கிறது. அது பின்னால் வருகிறது. கிராமத்துச் சாலைக்கு இரும்பு ரிம்மே நல்லது. குழியில் அடிபட்டால் அது வளையும், தட்டி நிமிர்த்தலாம். மட்டமான அலாய் ரிம் விரிசல் விடும். பன்னிரண்டு அங்குல ரிம்மை அப்படியே வைத்துக்கொண்டு நல்ல புது டயர் நான்கு போடுவதுதான் பெரும்பாலானோருக்குச் சரியான முடிவு.

காற்றின் அளவு டிரைவர் பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டிய தாளில் அல்லது கையேட்டில் இருக்கும். காலையில் வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். முன்னே பின்னே ஒரு பி.எஸ்.ஐ. மாற்றிப் பார்த்தாலே ஸ்டியரிங் கனத்தில் வித்தியாசம் தெரியும்.

பிரேக்: வீட்டில் செய்யக்கூடியது, செய்யக்கூடாதது

மணிக்கு 60-இல் போகும் வண்டியைவிட 80-இல் போகும் வண்டியில் 78 சதவீதம் கூடுதல் ஆற்றல் இருக்கிறது. அத்தனையையும் வெப்பமாக்கி விரட்ட வேண்டியது பிரேக்கின் வேலை. ஆகவே இழுவையைக் கூட்ட ஆசைப்படுபவர்கள்கூட முதலில் கைவைக்க வேண்டிய இடம் இது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அதன் வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். டாட் 4-க்கு அதே எண்கள் 230, 155. தொடர்ந்து பிரேக் போட்டுச் சூடானால் பழைய ஆயில் கொதித்துக் குமிழி கட்டும், பெடல் பஞ்சாக இறங்கும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது இதைத் தடுக்கும். இருவர் சேர்ந்தால் வீட்டிலேயே செய்யலாம்: ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்திலுள்ள பிளீடர் நட்டைத் திறந்து மூட வேண்டும். கையேடு சொல்லும் வரிசையில் நான்கு சக்கரத்துக்கும் போக வேண்டும். மேலே டப்பாவில் ஆயில் வற்றவிடக் கூடாது. பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். டாட் 5 என்று எழுதிய சிலிக்கான் ஆயிலை இதோடு கலக்கவே கூடாது.

முன் டிஸ்க்குக்கு நல்ல பிராண்டு பேட், பின் டிரம்முக்கு நல்ல ஷூ, ஷூவின் சரியான இடைவெளி ஆகியவை போதும். புது பேட் போட்டபின் முதல் நாள் காலியான சாலையில் மிதமான வேகத்திலிருந்து பலமுறை மெதுவாகப் பிரேக் போட்டுப் படியவிட வேண்டும். டிஸ்க்கை வேறு மாடலுக்கு மாற்றுவது, மாஸ்டர் சிலிண்டர் அளவை மாற்றுவது போன்றவை வாசலில் செய்யும் வேலையில்லை. முன் பின் பிரேக் சமநிலை கெட்டால் மழையில் பின்பக்கம் சுழலும்.

ஷாக், புஷ், அலைன்மென்ட்

வண்டியின் மூலையை அழுத்திவிட்டால் ஒருமுறை எழும்பி அடங்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினாலோ, ஷாக்கின் உடலில் எண்ணெய் கசிந்திருந்தாலோ மாற்றும் நேரம் வந்துவிட்டது. வேகத்தடையில் "பாட்டம் அடிக்கிறது" என்று ஓட்டுநர்கள் சொல்லும்போது பாதி நேரம் ஸ்பிரிங் சரியாகத்தான் இருக்கும். ஷாக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரும்தான் போயிருக்கும்.

ஆல்ட்டோவின் பின்பக்க ஷாக் ஸ்பிரிங்கிலிருந்து தனியாக நிற்பதால் வீட்டிலேயே மாற்றலாம். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, ஒரு பக்கம் முடித்தபின் மறு பக்கம் போக வேண்டும். முன்பக்கம் அப்படியில்லை. அங்கே ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட். அழுத்தப்பட்ட ஸ்பிரிங்கைப் பிடிக்கும் கருவி இல்லாமல் மேல் நட்டைக் கழற்றினால் ஸ்பிரிங் தெறித்து உயிரையே எடுக்கலாம். முன்பக்கத்தைப் பட்டறைக்கு விட்டுவிடுவதே அறிவு.

இளைஞர்கள் கேட்கும் இன்னொன்று, வண்டியைத் தாழ்த்துவது. ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தினால் ஷாக் தன் சரியான எல்லைக்கு வெளியே வேலை செய்யும். பெரிய குழியில் இறங்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவவும் கூடும். ஆல்ட்டோவின் தரை இடைவெளி 160 மில்லிமீட்டர். ஆண்டிமடம் சுற்றுவட்டாரத்து வேகத்தடைகளுக்கு அதில் ஒரு மில்லிமீட்டர்கூட விட்டுக்கொடுக்க முடியாது. கோயம்புத்தூரின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாட்டாவும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட டியாகோ ஜே.டி.பி. இதற்கு நல்ல பாடம். டர்போ இஞ்சின் வைத்த அந்த விளையாட்டு வண்டியையே பொறியாளர்கள் 4 மில்லிமீட்டர்தான் தாழ்த்தினார்கள்.

அடுத்து புஷ்கள். லோயர் ஆர்ம் புஷ், ஆன்டி ரோல் பார் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்டு: இந்தச் சில்லறைச் சாமான்கள் தேய்ந்தால்தான் ஸ்டியரிங்கில் "லொட லொட" வரும், வண்டி சாலையில் அலையும். லோயர் ஆர்ம் புஷ்ஷை அழுத்தி ஏற்ற பிரஸ் வேண்டும். ஆர்மைக் கழற்றி லேத் பட்டறைக்கு எடுத்துப் போனால் வேலை முடிந்துவிடும். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் இவற்றை மொத்தமாக மாற்றினால் வேறு காரை ஓட்டுவதுபோல இருக்கும்.

இவை எல்லாம் முடிந்த பிறகே அலைன்மென்ட். தேய்ந்த புஷ்ஷை வைத்துக்கொண்டு அலைன்மென்ட் செய்வது வீண் செலவு. ஜெயங்கொண்டமோ விருத்தாசலமோ போகும் நாளில் கம்ப்யூட்டர் அலைன்மென்ட்டும் பாலன்சிங்கும் பார்த்து, அச்சிட்ட அளவுத் தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

உட்காருமிடமும் கியரும்

காசே இல்லாத மாற்றம் இது. கிளட்ச்சை முழுதாக மிதித்த நிலையில் முழங்கால் சற்று மடங்கியிருக்க வேண்டும். தோள் இருக்கையில் ஒட்டியிருக்க, நீட்டிய கையின் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியைத் தொட வேண்டும். இருக்கை ஸ்பான்ஜ் அமுங்கிப் போயிருந்தால் பக்கங்களில் கொஞ்சம் உயர்த்தி மறுபடி நிரப்பச் சொல்லலாம். வளைவில் உடம்பு சரியாது. ஏர்பேக் உள்ள வண்டியில் ஸ்டியரிங்கை மாற்றக் கூடாது. பக்க ஏர்பேக் இருந்தால் இருக்கை உறையிலும் கவனம் தேவை.

கியர் விழும்போது தெளிவில்லாமல் குழைந்தால் கியர் லிங்கேஜ் புஷ்களையும் இஞ்சின் மவுன்ட்டிங்கையும் பார்க்க வேண்டும். விலை குறைந்த சாமான்கள். பலன் ஒவ்வொரு கியரிலும் தெரியும். டிக்கியில் கிடக்கும் பழைய பேட்டரி, கயிறு, மூட்டை என்று 25 கிலோவை இறக்கினால் வண்டி எடையில் மூன்றரை சதவீதம் குறைந்துவிடும்.

இஞ்சின்: திருத்தினால் போதும்

47 குதிரைத்திறன் இஞ்சினில் பத்து சதவீதம் கூட்டினாலும் கிடைப்பது ஐந்துக்குள். ஆனால் பராமரிப்பு இல்லாத பழைய இஞ்சின் அதைவிட அதிகத்தை ஏற்கெனவே இழந்திருக்கும். ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பெட்ரோல் ஃபில்டர், திராட்டில் பாடி சுத்தம், வால்வு கிளியரன்ஸ் ஆகியவற்றைச் சரிசெய்து கம்ப்ரஷன் பார்த்தால் அது திரும்பி வரும். டைமிங் பெல்ட் உள்ள இஞ்சினில் பெல்ட் எப்போது மாறியது என்று தெரியாவிட்டால் உடனே மாற்ற வேண்டும்.

திறந்த கூம்பு வடிவ ஃபில்டர் இந்தப் பகுதிக்கு ஆகாது. செம்மண் புழுதியும், அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் தூசும் இஞ்சினுக்குள் போனால் சிலிண்டரைத் தேய்க்கும். நிறுவனத்தின் காகித ஃபில்டரை அடிக்கடி மாற்றுவதே சிறந்தது. இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கக்கூடும் என்பதால் பெட்ரோல் ஹோஸ்களை விரலால் அழுத்தி, வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்க வேண்டும்.

இரவு ஓட்டத்துக்கு ஒரு ரிலே

தோப்புச் சாலையில் தெருவிளக்கு இல்லை. மாடு, பின்விளக்கு இல்லாத டிரெய்லர், நடந்து போகிறவர்கள் எல்லாம் இருட்டில்தான் வருவார்கள். பழைய வண்டியில் பல்பு மங்குவதற்கு மெல்லிய ஒயரும் கறுத்த சுவிட்சும் காரணமாக இருக்கலாம். மல்டிமீட்டரால் பேட்டரியிலும் பல்பு ஹோல்டரிலும் வோல்ட் பார்த்தால் இழப்பு எவ்வளவு என்று தெரியும். இரண்டு ரிலே வைத்து, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக நேரடி ஒயர் கொடுத்தால் 60/55 வாட் சாதாரண பல்பே நன்றாக எரியும். 12 வோல்ட்டில் 60 வாட் பல்பு ஒன்று 5 ஆம்பியர் எடுக்கும், இரண்டுக்கும் 10, அதற்கேற்ற ஒயரும் 15 ஆம்பியர் ஃபியூஸும் போட வேண்டும். சில வண்டிகளில் சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். மீட்டரில் உறுதி செய்யாமல் இணைக்கக் கூடாது. 100 வாட் பல்பும், பழைய விளக்குக் கூண்டுக்குள் திணிக்கும் எல்.இ.டி.யும் எதிரே வருபவரின் கண்ணைக் குருடாக்கும்.

ஆர்.சி. புத்தகம் சொல்லும் எல்லை

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, நிறுவனம் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வண்டி மாறும்படி எதையும் செய்யக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த 182-ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பெரிய இஞ்சின் ஏற்றுவது, நிறம் மாற்றுவது போன்றவற்றுக்குப் பதிவு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். டி.என். 61 வண்டிக்காரர்கள் அரியலூரிலும், டி.என். 46 வண்டிக்காரர்கள் பெரம்பலூரிலும் கேட்டுவிட்டு வேலை தொடங்கலாம். ரிம் அளவை மாற்ற நினைப்பவர்களும் பணம் கொடுக்கும் முன் அங்கே கேட்க வேண்டும். பல சுரத்தில் ஒலிக்கும் ஹாரனுக்கும் அனுமதி இல்லை.

இந்த அத்தியாயத்தில் சொன்ன டயர், பேட், ஷாக், புஷ் எல்லாம் நிறுவனம் தந்த அளவிலேயே மாற்றப்படுபவை. அவை பராமரிப்புக் கணக்கில் வரும். கூடுதலாக எது பொருத்தினாலும் இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். இல்லாவிட்டால் விபத்து நேரத்தில் இழப்பீடு மறுக்கப்படலாம். பதினைந்து ஆண்டு முடிந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அது ஐந்து ஆண்டுக்குச் செல்லும். கடைசியாக வெளிவந்த மாருதி 800-க்குக்கூட 2029-இல் அந்த வயது வந்துவிடும். சஸ்பென்ஷனும் பிரேக்கும் சரியாக உள்ள வண்டிக்குச் சோதனையில் பயமில்லை.

ஓட்டிப் பார்க்கும் முறை

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது என்ன பலன் தந்தது என்று தெரியாது. ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஒரே பாதையில், ஒரே வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆண்டிமடத்திலிருந்து ஜெயங்கொண்டம் வழியாக கங்கைகொண்ட சோழபுரம் வரை போய் வரும் பாதை இதற்கு ஏற்றது. ஊர்ச் சாலை, கடைத்தெரு நெரிசல், நெடுஞ்சாலை மூன்றும் அதில் கிடைக்கும். நேராகப் போகும்போது ஸ்டியரிங் நடுவில் நிற்கிறதா, வேகத்தடை தாண்டியதும் பின்பக்கம் எத்தனை முறை ஆடுகிறது, பிரேக் பெடல் எங்கே கடிக்கிறது என்று ஒரு நோட்டில் தேதியோடும் கிலோமீட்டரோடும் எழுதி வைத்தால் அடுத்த செலவு எதற்கு என்று நோட்டே சொல்லும்.

வண்டியின் எல்லையைத் தொட்டுப் பார்க்கும் ஆசை வந்தால் அதற்கு ஊர்ச்சாலை இடமில்லை. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரிவரதன் பெயர் தாங்கிய பாதையிலும் தமிழ்நாட்டுக்கென்று பந்தயக் களங்கள் இருக்கின்றன. அங்கே எதிரே மாடு வராது, டிராக்டர் வராது, பள்ளிவிட்டு வரும் பிள்ளைகள் வரமாட்டார்கள். வாசகர்கள் முதல் வேலையாக நாளைக் காலையே வண்டியின் நான்கு டயரிலும், ஸ்டெப்னியிலும் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ளட்டும். மற்ற வேலைகள் அந்தத் தேதியைப் பார்த்த பிறகு தொடங்கலாம்.